உள்ளே வந்தவர்

தையல்காரர், அவள் சொன்னபடி, ஸ்கேன் மெஷினுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். அவர் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டையிலிருந்து திரைக்கு வரும் மூச்சுக்கோடு ஏற்ற இறக்கம் இல்லாமல் கம்பி போல நின்றது. படத்தில் விலா எலும்புகள் துல்லியமாக இருந்தன. முதுகெலும்பு துல்லியமாக இருந்தது. ஈரலின் விளிம்பு பிளேடால் அறுத்தது போல இருந்தது. அந்த ஈரலுக்குள் எள் தூவியது போலக் கிடந்த கரும்புள்ளிகள் மட்டும் கலங்கியிருந்தன. ஈரம் காயாத மையை யாரோ விரலால் இழுத்துவிட்டது போல, எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கமாக.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். படுத்திருப்பவர் அசைந்தால் படம் மொத்தமும் கலங்கும். அசையாவிட்டால் எதுவும் கலங்காது. நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் ஒன்றாகக் குலுங்குவதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவளுக்கு.

மைக்கை அழுத்தி, நடுவில் மூச்சு விட்டீர்களா என்று அவரைக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரி பேச ஆரம்பிச்சா அரைமணி நேரம் மூச்சு விடாம உட்கார்ந்திருக்கிற ஆளும்மா நான்," என்று காந்தத்தின் உள்ளேயிருந்து தையல்காரரின் குரல் தகரக் குழாய்க்குள் பேசுவது போல வந்தது. "இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே இன்னொரு தடவை எடுத்தாள். இந்த முறையும் புள்ளிகள் கலங்கியிருந்தன. எதிர்ப்பக்கமாக.

அந்தப் புள்ளிகளைப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. ஈரல் கெட்டுப்போனவர்களுக்கு ஈரலையே மாற்றாமல், இறந்துபோன ஒருவருடைய ஈரலிலிருந்து நல்ல செல்களைப் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியாக நோயாளியின் ஈரலுக்குள் விட்டுவிடுகிற புதுச் சிகிச்சை அந்த ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டிருந்தது. விட்டபின் அவை எங்கே போய் உட்கார்ந்தன, உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் வயிற்றில் ஊசி குத்திச் சதை எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் செல்களுக்கு முதலிலேயே பொடியிலும் பொடியான இரும்பை ஊட்டிவிடுவார்கள். அப்புறம் ஆளைக் காந்தத்துக்குள் படுக்க வைத்தால் போதும். இரும்பு தின்ற செல்கள் எங்கே இருந்தாலும் கறுப்பாகத் தெரியும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, உடம்பில் ஒரு கீறல் இல்லை. நாள் ஆக ஆக இரும்பு கரைந்து புள்ளிகள் வெளிறிக்கொண்டே வரவேண்டும். தையல்காரருடையவை வெளிறவில்லை.

ஸ்கேன் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பதை நோயாளிகளின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிட் வாசனையும் ரப்பர் வாசனையும் குளிரில் உறைந்து நிற்கும். காந்தத்தைக் குளிர வைக்கிற பம்ப், யாரும் இல்லாதபோதும் நிற்காமல், கூட்டில் விட்டுவிட்டுப் போன குருவிக்குஞ்சு மாதிரி ச்சிக், ச்சிக் என்று கத்திக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தபோது அந்தச் சத்தம் அவளைத் தூக்கத்திலும் துரத்தியது. இப்போது அது நின்றால்தான் பயப்படுவாள்.

சாயங்காலம் அக்கா கீழே வந்தபோது படத்தைக் காட்டினாள்.

அந்தச் சிகிச்சையே அக்காவினுடையதுதான். ஆஸ்பத்திரிக்கு அவள் பெரிய டாக்டர், இவளுக்கு அக்கா. அம்மா போனபோது இவளுக்குச் சடை பின்னக்கூடத் தெரியாத வயது. தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் இரவு முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், படிக்க வைத்ததும், இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் எல்லாம் அக்காதான். யாராவது கடவுள் நம்பிக்கை பற்றிக் கேட்டால், எங்க அக்கா இருக்கா என்று விளையாட்டாகச் சொல்வாள். முழுக்க விளையாட்டும் இல்லை அது.

அக்கா அவள் தோளில் கை வைத்துக்கொண்டு திரையின் பக்கம் குனிந்தாள். சோப்பும் கைகழுவும் திரவமும் கலந்த அவளுடைய வழக்கமான வாசனை. ரொம்ப நேரம் பார்த்தாள். டாக்டர்கள் படத்தைப் பார்க்கிற பார்வை இவளுக்கு மனப்பாடம். கண் ஓர் ஓரத்தில் ஆரம்பித்து வரிசையாக மேய்ந்துகொண்டு போகும். அக்கா அப்படிப் பார்க்கவில்லை. ரயில் வந்து நின்றதும் இறங்குகிற கூட்டத்தில் நம் ஆள் எங்கே என்று தேடுவோமே, அப்படிப் பார்த்தாள்.

இதயம் துடிக்கிற அதிர்வில் அப்படித்தான் கலங்கும், விட்டுவிடு என்றாள் கடைசியில். அப்புறம் குரல் மாறி, "குட்டி, மாத்திரை போட்டியா?" என்று கேட்டாள்.

போட்டுவிட்டதாகச் சொன்னாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு மேலே போய்விட்டாள்.

இதயத் துடிப்பு கலக்கினால் இதயத்தை ஒட்டிய இடதுபக்கத்தைத்தான் கலக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தையல்காரருடைய புள்ளிகள் கலங்கியிருந்தது வலதுபக்கக் கீழ்மூலையில். ஆனால் அக்கா சொன்னதற்கு எதிராக அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டாள்.

மெஷினில் கோளாறா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. செல் ஏதும் போடாத நல்ல உடம்பு ஒன்றைப் படுக்க வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் கடைசி நோயாளி போனதும் அவளே படுத்துக்கொண்டாள்.

மெஷினை இயக்க உடன் வேலை பார்ப்பவன் இருந்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து அடுத்த அறைக்குக் கேட்கும்படி சத்தம் விடுவதால் அந்தத் தளத்தில் அவனுக்கு 'குறட்டை' என்றே பெயர். கூப்பிட்டால் கோபிக்க மாட்டான். அவள் மோதிரத்தையும் தோட்டையும் கழற்றித் தட்டில் வைத்தபோது, காந்தம் உங்களை வைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். தகடு போன்ற கருவியை அவள் வயிற்றின் மேல் வைத்துப் பட்டையால் கட்டினான். அவசரத்துக்கு அழுத்துகிற ரப்பர் உருண்டையை உள்ளங்கையில் கொடுத்தான். படுக்கை அவளைத் தலைமாட்டோடு உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

கதவு மூடிக்கொண்டது. பம்பின் சத்தம் இங்கே தலைக்குப் பின்னால், எலும்புக்குள்ளேயே கேட்டது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வளைந்த கூரை. அதில் யாருடைய நெற்றியோ பட்டு ஏற்பட்ட எண்ணெய்க்கறை. தினமும் அவளே துடைக்கிற இடம்தான், இத்தனை நாள் கண்ணில் படவில்லை. காற்று காலிலிருந்து தலைக்கு மெல்லிய நூலாக ஓடியது, அதில் முந்தைய நோயாளியின் தலைமுடி எண்ணெய் வாசனையும் புளித்த வியர்வையும் கலந்திருந்தன, தூரத்தில் எங்கோ தள்ளுவண்டி ஒன்றின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போய் ஒரு மூலையில் அடங்கியது. அப்புறம் அவளுடைய குரலே அவளிடம் பேசியது. நோயாளிகளுக்கு உத்தரவு சொல்ல அவள் குரலைத்தான் பதிவு செய்து வைத்திருந்தார்கள். மூச்சை உள்ளே இழுங்க. வெளியே விடுங்க. அப்படியே பிடிச்சுக்குங்க.

பிடித்துக்கொண்டாள்.

காந்தம் தட்ட ஆரம்பித்தது. மரக்கதவைக் கட்டையால் அடிப்பது போல ஒரே தாளம். அதற்கு அடியில் அவளுடைய ரத்தம் காதில் இரைந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது.

சத்தம் என்று சொல்ல முடியாது. வலதுபக்கம், விலாவுக்குக் கீழே, ஒரு ஏற்றம். ஒரு இறக்கம். நெஞ்சு அசையவில்லை, வயிறு அசையவில்லை, பட்டை இறுகவில்லை. உள்ளே மட்டும். மெதுவாக, கனமாக, அவசரமே இல்லாமல்.

மூச்சை விடுங்க என்றது அவள் குரல். விட்டாள். அவளுடைய மூச்சு மற்றதை மூடிவிட்டது. பசியாக இருக்கும், வாயுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி உத்தரவு வந்தது. மறுபடி பிடித்தாள்.

ஏற்றம்.

இறக்கம்.

அவள் மனசை அந்த இடத்தில் குவித்தாள். குவித்த அடுத்த கணம் அது நின்றது.

நின்றது என்றால் இல்லாமல் போகவில்லை. பிடித்துக்கொண்டது. அவள் கேட்கிறாள் என்று தெரிந்து, அசையாமல்.

அந்த மாதிரி நிற்பதை அவள் முன்பே அறிவாள். படிக்கிற காலத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, சில இரவுகளில் அவளுடைய அறைக்கதவின் அடி இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் விழும். தட்ட மாட்டார். கூப்பிட மாட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். இவள் கட்டிலில் புரண்டால் அதுவும் நின்றுவிடும். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, கதவு நடுவில். காலையில் அத்தான் ஒன்றும் நடக்காதது போல டீ குடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னாள். அக்கா அடுப்பை அணைத்தாள். அப்புறம் நான் பார்த்துக்கிறேன் என்றாள். அந்த வாரமே இவளை விடுதியில் சேர்த்துவிட்டாள். அதன்பின் அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. அக்கா தன் பக்கம் நின்றாள் என்பது ஒன்றுதான் இவளுக்குப் போதுமாக இருந்தது. அத்தான் சாலை விபத்தில் அடிபட்டு, மூளை செத்து, மெஷினில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, உறுப்புகளை எல்லாம் கொடுத்துவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்ட அக்காவை ஊரே புகழ்ந்தது. இவள் அழுதாள், அக்காவுக்காக. அவருக்காக அழ வரவில்லை.

ரப்பர் உருண்டையை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

படுக்கை வெளியே வந்தபோது குறட்டை அவளைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனான். அவள் பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்த் திரையின் முன் உட்கார்ந்தாள்.

எள் தூவியது போல இருந்தது.

தையல்காரருக்கு இருந்ததைவிட அதிகம். ஈரல் முழுக்க, விளிம்பு வரைக்கும், இடம் விடாமல்.

"இது தையல்காரர் படம்ங்க," என்றான் குறட்டை, தண்ணீரை நீட்டிக்கொண்டே. "ஃபைல் மாறி ஓப்பன் ஆயிருக்கு."

மேலே அவளுடைய பெயர் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்தானே நீங்கள், உள்ளே போட்ட கிளிப் உலோகம், அது கறுப்பாகத்தான் காட்டும் என்றான். அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். கிளிப் ஈரலுக்கு அடியில், இருக்க வேண்டிய இடத்தில், தனியாக ஒரு கறுப்பு முடிச்சாக இருந்தது. அப்படியானால் மற்றவை எல்லாம் என்ன என்று அவனும் கேட்கவில்லை.

யாரிடமும் சொல்லாதே என்று அவனைக் கேட்டுக்கொண்டாள். அவன் தலையை ஆட்டினான்.

அன்று வீட்டுக்குப் போய் எந்தப் பக்கம் படுத்தாலும் அந்தப் பக்கம் தன்னுடையதாக இல்லை. விளக்கை அணைக்காமல் கிடந்தாள். ஆபரேஷன் அன்று நடந்ததை நினைவில் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பித்தப்பையில் கல் என்று தெரிந்ததும் அக்காதான் தன் நண்பரான சர்ஜனிடம் பேசி ஏற்பாடு செய்தாள். மயக்க மருந்து ஏறும்போது கடைசியாகப் பார்த்தது அக்காவின் முகத்தைத்தான். பச்சைத் தொப்பியும் முகமூடியும் போட்டு, நெற்றியை வருடிக்கொண்டு, ஒண்ணும் இல்லை குட்டி, கண்ணை மூடிக்கோ என்றாள். அக்காவுக்கு ஆபரேஷன் அறைக்குள் என்ன வேலை என்று அன்று தோன்றவில்லை. தங்கை என்றால் வந்து நிற்பாள் என்றுதான் தோன்றியது. இப்போதும் அப்படியே நினைக்கப் பார்த்தாள். யாரோ மருந்தை மாற்றியிருக்கலாம். சர்ஜன் அக்காவுக்குத் தெரியாமல் ஏதாவது செய்திருக்கலாம். அக்காவைச் சந்தேகப்படுகிற தன் புத்தியைத்தான் செருப்பால் அடிக்கவேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. அந்த லேசில்தான் அவள் காலையில் வேலைக்குக் கிளம்பினாள்.

காத்திருக்கும் கூடத்தில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். கலங்கிய படத்துக்காக மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். சட்டையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவளைப் பார்த்ததும், மாத்திரை போடுகிற நேரம், ஒரு வாய் தண்ணீர் கொடும்மா என்றார். கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து, ஒரு கேப்ஸ்யூலை உள்ளங்கையில் தட்டினார். பாதி மஞ்சள், பாதி சாம்பல் நிறம்.

அது எதற்கு என்று கேட்டாள். அவளுடைய குரல் அவளுக்கே அடுத்தவர் குரல் போலக் கேட்டது.

"இதுதாம்மா முக்கியம். நம்ம உடம்பு இருக்கே, அது அந்நியரை உள்ளே விடாதாம். உள்ள வந்தவங்களை அடிச்சு வெளிய தள்ளிடுமாம். இதைப் போட்டா சத்தம் போடாம இருக்குமாம்." அவர் கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு விரல்களை விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. "என்ன, கை நடுங்குது. ஊசியில நூல் கோர்க்க முடியலை. சளி பிடிச்சா லேசுல போறதில்லை. மத்தபடி பரவாயில்லை."

அவள் தன் கைகளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. பல மாதமாகவே டீ கிளாஸைப் பிடித்தால் தளும்பியது. சளி விட்ட பாடில்லை. வாய்ப்புண் வந்துகொண்டே இருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு தேற சத்து மாத்திரை என்று, அட்டையிலிருந்து பிரித்து, ஒவ்வொரு வாரமும் ஒரு டப்பாவில் போட்டுத் தன் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தாள் அக்கா. பாதி மஞ்சள். பாதி சாம்பல். இன்று காலையும் ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

தையல்காரர் என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

அக்காவின் அறை வெளிச்சமாக இருந்தது. பெரிய ஜன்னல், வெளியே மரம், கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மேஜைக்குப் பின்னால் இல்லை. நோயாளிகள் உட்காருகிற சோபாவில், காலை மடக்கி, வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டர் திரையில் இவளுடைய ஈரல் தெரிந்தது. இவள் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள், நேற்றே குறட்டை அனுப்பிவிட்டான் என்று அக்கா சாதாரணமாகச் சொன்னாள். அவனைத் திட்டாதே, பாவம், பயந்துவிட்டான் என்றாள்.

கத்தவேண்டும் என்று படியேறும்போது நினைத்திருந்தாள். வந்து நின்றபோது சின்னப் பெண் மாதிரிதான் கேட்க முடிந்தது.

"எனக்குள்ள என்னக்கா வெச்சே?"

அக்கா பக்கத்தில் இடம் காட்டினாள். அவள் உட்காரவில்லை. அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எப்போதும் போல அந்தக் கை சூடாக இருந்தது.

அக்கா மறைக்கவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. வெகுநாளாகச் சொல்லக் காத்திருந்த நல்ல செய்தியைச் சொல்வது போல, நிதானமாக, இவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள். அத்தானின் இதயத்தையும் சிறுநீரகங்களையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஈரல் அடிபட்டிருந்தது, யாருக்கும் பொருத்த முடியாது என்றார்கள். அதை அக்கா வாங்கிக்கொண்டாள். செல்களைப் பிரித்தெடுத்தாள். உறைய வைத்தாள். இந்தச் சிகிச்சையில் யாருக்கெல்லாம் செல் போட்டார்களோ, எல்லோருக்கும் போட்டது அவருடையதுதான். வேறு யாருடையதும் அங்கே கிடையாது, ஆரம்பத்திலிருந்தே.

"முதல்ல எனக்குத்தான் போட்டுக்கிட்டேன். என் உடம்பு நிக்க விடலை. எவ்வளவு மாத்திரை போட்டும் ரெண்டு வாரத்துல எல்லாம் வெளுத்துப்போச்சு." அக்காவின் குரல் அங்கே மட்டும் கொஞ்சம் உடைந்தது. "மத்தவங்ககிட்ட இருக்கார். அந்தத் தையல்காரர்கிட்டக்கூட அசையறார், நீயே பார்த்தியே. ஆனா அவ்வளவுதான். உன்கிட்டதான் நல்லா இருக்கார்."

அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த முகம். இடது புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு. அந்த முகத்தில் எங்காவது ஓர் ஓரத்திலாவது வெட்கமோ வருத்தமோ இருக்கிறதா என்று தேடினாள்.

"உனக்குத் தெரியும்," என்றாள். "அவர் என் கதவுகிட்ட வந்து நின்னதை உன்கிட்டதான் சொன்னேன். உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே ஹாரன் நின்றுவிட்டிருந்தது.

"நீ விடுதிக்குப் போனப்புறம் அவர் என்கிட்ட முகம் கொடுத்தே பேசலை குட்டி. ஒரே வீட்டுல, அத்தனை வருஷம். கேட்டா ம், கேக்கலைன்னா அதுவும் இல்லை. நான் என்ன பண்ணலை அவருக்கு?" அவள் திரும்பினாள். கண்கள் பளபளத்தன. "இப்ப பேசறார்."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். அக்கா விடவில்லை. மாத்திரையை நிறுத்தப் போகிறேன், என் உடம்பே அவரை அடித்து வெளியே தள்ளட்டும் என்று அவள் சொன்னாள்; அல்லது சொன்னதாக நினைத்தாள். அக்கா அதற்குக் கோபிக்கவில்லை. அடம் பிடிக்கிற குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்து, நிறுத்தினாலும் பரவாயில்லை, இனி அது தேவைப்படாது, அவர் நன்றாக ஊன்றிவிட்டார் என்றாள். நேற்றுப் படம் பார்த்தபோதே தெரிந்துகொண்டாளாம்.

பிறகு அக்கா சோபாவிலிருந்து இறங்கினாள். தரையில் முழங்காலிட்டாள். இரண்டு கைகளாலும் தங்கையின் இடுப்பைச் சுற்றி வளைத்து, தலையைச் சாய்த்து, வலதுபக்க விலாவுக்குக் கீழே காதை வைத்தாள். அவள் அக்காவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். நகரவில்லை. கைகள் இன்னும் இறுகின. மேலிருந்து பார்க்க அக்காவின் வகிடு தெரிந்தது. நரைத்த முடி கொஞ்சம். மூடிய இமைகள்.

"சொல்லுங்க," என்றாள் அக்கா.

அவளிடம் அல்ல.

அறை அமைதியாக இருந்தது. மின்விசிறி சுற்றியது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. தலையை லேசாக ஆட்டி, ம் கொட்டி, கேட்டுக்கொண்டாள்.

"ஆமா. படத்தைப் பார்த்துட்டா."

ம்.

"இல்லைங்க. கோபம் இல்லை. பயம். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

கதவு திறந்தது. நர்ஸ் கையில் கோப்போடு எட்டிப் பார்த்தாள். அவளைக் கூப்பிடத் தங்கை வாயைத் திறந்தாள். நர்ஸ் கண்ணில் பட்டது தங்கையை இறுகக் கட்டிக்கொண்டு மடியில் முகம் புதைத்திருக்கிற ஓர் அக்கா. நர்ஸின் முகம் கனிந்தது. சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"எங்க போயிடுவா?" என்றாள் அக்கா. "என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

அப்புறம் நீண்ட மௌனம். அவர் ஏதோ பெரிதாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அக்காவின் உதடுகள் மெல்ல விரிந்தன. காதோரம் சிவந்தது. அவள் சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொள்ளத் தோன்றாமல், தோள் குலுங்க, கல்யாணமான புதிதில் கூட இவள் பார்த்திராத ஒரு சிரிப்பு.

அவளுடைய விலாவுக்குக் கீழே, சரியாக அக்காவின் கன்னம் அழுந்தியிருந்த இடத்தில், வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற ஆளுடைய உடம்பு போல, ஒன்று சத்தமில்லாமல் குலுங்கத் தொடங்கியது.

அக்கா காதை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.